பத்து இல்லை, இருபத்து மூன்று

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நான்கு நாட்களாகக் கொட்டிய மழை அன்று காலையில்தான் தூறலாக இளைத்திருந்தது. ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ். துரையின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். மற்றதில் தர்ஷினி, வயது இருபத்தேழு, நான் பணம் போட்டிருந்த சின்னக் கம்பெனியைத் தொடங்கியவள். மேசையில் ஒப்பந்தம். ஒன்பது பக்கம். துரை கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் மூன்று. அவர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். அப்போது நான் வாயைத் திறந்து நான்கு சொற்கள் சொன்னேன். பேனா மூடிக்குள் போய்விட்டது.

நமது முதலீட்டு வட்டத்தில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினொரு பேருக்காக இதை எழுதச் சொன்னார்கள். என் வெற்றிகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலும். உங்கள் முதல் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பதினொரு பேரில் ஏழு பேர், போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்று கேட்டீர்கள். மூன்று பேர் கூட்டம் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் தூங்கினார். அந்தக் கம்பெனிகளில் வேலை செய்யப்போகிறவர்கள் யார், அவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதையில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததோடு, தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் தோட்ட ஆபீஸில் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் பெரிய கிளாக்கர். யார் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள், யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப்பேர் என்று செக்ரோலில் எழுதுவது என் வேலை. வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நாள் முழுச் சம்பளம் விழுந்தால் அது ஒரு ‘பேர்’. பதினெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு ஹட்டனில் கடதாசி, பேனா, படிவங்கள் விற்கிற கடை ஒன்று வைத்தேன். அதில் சேர்ந்த காசையும் சேமலாப நிதிக் காசையும் வங்கியில் போட்டு வட்டியை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம். அதற்குள் யாரோ வந்து, புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போடுகிற ஏஞ்சல் என்று எங்களைச் சொன்னார்கள்.

ஏஞ்சல் என்றால் தேவதை. நாங்கள் மூன்று தேவதைகள். ஹட்டன் பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், நுவரெலியாவில் லீக்ஸ், கரட், முட்டைக்கோவா மொத்தமாக வாங்கி கொழும்புக்கு ஏற்றும் மரக்கறி முதலாளி ஒருவர், நான். மூன்று பேரில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு மூட்டு வலி. பறப்பதற்கு யாருக்கும் தெம்பில்லை.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இளைஞர்கள் தங்கள் திட்டங்களைச் சொல்லும் கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்து ஆளுக்கு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்து எங்கள் கனவை எழுதச் சொன்னார். நகைக்கடை முதலாளி தன் தாளில் மருந்துக்கடைச் சிட்டையை எழுதிக்கொண்டார். எட்டுப் பேர் திட்டம் சொன்னார்கள். மூன்று பேர் தேயிலையோடு எதையாவது கலந்து விற்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் ஸ்ட்ரோபெரியை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் சாதகப் பொருத்தம். ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அவர்தான் அதிகமாகக் கைதட்டு வாங்கினார்.

எட்டாவதாக வந்தவள் தர்ஷினி. கையில் ஒரு தராசு. கொக்கியில் மாட்டும் மின்தராசு. கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை; அட்டையைக் காட்டிவிட்டுக் கொழுந்தை மாட்டினால் எடை உடனே அவளுடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், நிறுக்கிறவர் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று தன் இஷ்டத்துக்கு இரண்டு கிலோ வெட்ட முடியாது. அவளுடைய அம்மா அன்னம், நான் வேலை பார்த்த அதே தோட்டத்தில் இன்றும் கொழுந்து எடுக்கிறவர். பிள்ளை தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், பொறியியலாளராக வந்து நின்றாள். பயிற்றுநர் அவளிடம் “உங்கள் கதை என்ன?” என்று கேட்டார். “கதையில்லைங்க சேர். தராசு,” என்றாள். அந்தப் பதிலுக்கே நான் ஐந்து இலட்சம் கொடுத்திருப்பேன்.

பன்னிரண்டு இலட்சம் கொடுத்தேன். நகைக்கடை முதலாளி பதினைந்து. மரக்கறி முதலாளி எட்டு. மொத்தம் முப்பத்தைந்து இலட்சம். கொடுப்பதற்கு முன் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். நீங்கள் எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இது. பணம் கொடுக்கிறவனுக்குத் தன் அறிவின் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிடும். கொடுப்பதற்கு முந்தின நாள் வரை அவனுடைய அறிவை அவன் வீட்டிலேயே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“தராசு சரி,” என்றேன். “ஆனா நிறுவை மடுவத்துல மட்டும் நிறுத்தா போதாது. மலையில தேயிலைச் செடி நெரை முடியிற எடத்துல ஒருக்கா நிறுக்கணும். பொறகு மடுவத்துல ஒருக்கா. ரெண்டும் ஒத்து வரணும்.”

“ஏங்க சேர்?”

“நடுவுல கொழுந்து கை மாறுது. ஒருத்தி கூடையில இருந்து இன்னொருத்தி சாக்குக்குப் போகுது. எடுக்காதவளுக்கு முழுப் பேர் விழுது. அது களவு.”

அவள் தராசைக் கீழே வைத்தாள். “அது களவு இல்லைங்க சேர். கைமாத்து. சொகமில்லாதவங்களுக்கு, மாசமா இருக்கிறவங்களுக்குப் பக்கத்து நெரைக்காரங்க ரெண்டு கிலோ, மூணு கிலோ போட்டுக் குடுப்பாங்க. நாளைக்கு இவங்களுக்கு முடியாட்டி அவங்க போடுவாங்க.”

“நான் முப்பத்து நாலு வருசம் செக்ரோல் எழுதினவன், மகள். எனக்கு நீ சொல்லித் தராத.”

உண்மையில் என் காலத்தில் இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்து, நான்கு பேரின் பேரை வெட்டியிருக்கிறேன். அதோடு அது நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேறு வழியில்லை. நான் பின்வாங்கினால் நகைக்கடை முதலாளியும் பின்வாங்குவார். அவர் என்னைப் பார்த்துத்தான் பணம் போட்டார். கடைசியில் அவளும் ஒரு நிபந்தனை வைத்தாள். நெரைமுடிவில் நிறுக்கிற எடை கம்பெனிக்குள்ளேயே இருக்கும். எந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். தோட்டத்துக்குப் போவது மடுவத்து எடை மட்டுமே. நான் சம்மதித்தேன். கையெழுத்தும் போட்டேன். அது எங்கள் முதலீட்டு ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது.

மே மாதம் முழுவதும், நான் வேலை பார்த்த தோட்டத்தின் ஒரு டிவிஷனில் பரீட்சித்துப் பார்க்க துரை அனுமதித்தார். துரை என்றால் தோட்ட மனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் நாங்கள் அந்தச் சொல்லை விடவில்லை. இப்போதைய துரை சிங்களவர், வயது முப்பத்தொன்பது, தோட்டத் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். பரீட்சை தொடங்கிய அன்று காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், அறுபத்தொரு பெண்கள் நின்றார்கள். தர்ஷினி அவர்கள் முன்னால் சொன்னாள்: “நெரையில நிறுக்கிறது எங்க மெசினைப் பாக்கிறதுக்கு மட்டுந்தாங்க. அந்தக் கணக்கு ஆபீசுக்குப் போகாது. என் அம்மா மேல சத்தியம்.” அன்னம் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் தர்ஷினிக்குப் பக்கத்தில் நின்றேன். பெண்கள் அவளை நம்பினார்கள்.

மாத முடிவில் கணக்கு வந்தது. மடுவத்தில் அறுபத்தொரு பேரும் பதினெட்டுக் கிலோவைத் தொட்டிருந்தார்கள். நெரைமுடிவில் முப்பத்தெட்டுப் பேர்தான் தொட்டிருந்தார்கள். மற்ற இருபத்து மூன்று பேரும் பெரும்பாலான நாட்களில் பதினொன்று, பதின்மூன்று, பதினாறு. சிலர் எட்டு. மடுவத்துக்குப் போகிற அந்த அரைக் கிலோமீற்றர் பாதையில் எல்லாம் பதினெட்டாகிவிட்டது. நான் அந்தப் பெயர்களை ஒரு தாளில் கையால் எழுதி, கிலோவைக் கூட்டி, பையில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எண் என்று ஒன்று இருந்தால் நான் எழுதி வைத்துக்கொள்வேன். பழக்கம்.

இப்போது ஜூன் 14க்கு வருகிறோம். துரைக்குத் தராசு பிடித்துவிட்டது. ஆறு டிவிஷனுக்கும் போட ஒப்பந்தம் தயார். அது நடந்தால் கம்பெனி நிமிர்ந்துவிடும். பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு காத்துக்கொண்டிருந்தன. பேனா மூடியைக் கழற்றியபடியே அவர் சாதாரணமாகக் கேட்டார்.

“தர்ஷினி, ஒரு கேள்வி. இந்தப் பொம்பளைங்க கொழுந்தை மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒங்க மெசின்ல அது வருமா?”

“எங்க மெசின் மடுவத்து எடையைத்தாங்க குடுக்கும், சேர். அது சரியா இருக்கும். ஒரு கிராம் கூடாது, கொறையாது.”

நல்ல பதில். பொய் இல்லை, உண்மையும் வெளியே வரவில்லை. துரை சிரித்தார். “சும்மா கேட்டேன். எல்லாத் தோட்டத்துலயும் கொஞ்சம் நடக்கும். என்ன, ஒரு பத்துப் பேர் செய்வாங்களா?”

கேள்வி யாரையும் பார்த்துக் கேட்கப்படவில்லை. பதில் வேண்டியும் கேட்கப்படவில்லை. பேனா தாளுக்கு மேல் இருந்தது. தர்ஷினி புன்னகையோடு ஒப்பந்தத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். சும்மா இருந்திருந்தால் அடுத்த பத்து விநாடியில் கையெழுத்து விழுந்திருக்கும்.

ஆனால் பத்து என்பது பிழை. பிழையான எண் ஒன்று ஆபீஸ் மேசைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருடமாக அதே ஆபீஸில் அப்படித் தொங்கிய ஒவ்வொரு எண்ணையும் திருத்தியவன் நான்.

“பத்து இல்லீங்க. இருபத்து மூணு,” என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை; ஒப்பந்தத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“இருபத்து மூணா?”

தலையை ஆட்டினேன். அது போதுமானதாக இருந்தது.

“அப்ப ஒங்ககிட்ட அந்தக் கணக்கு இருக்கு,” என்றார் துரை. அதில் கோபம் இல்லை. விடுபட்ட ஒரு வரியைக் கண்டுபிடித்த கணக்காய்வாளரின் திருப்தி இருந்தது. “அதைக் குடுத்துட்டா நான் இப்பவே சைன் பண்றேன்.”

“அந்தக் கணக்கு எங்களோடது சேர். வாக்குக் குடுத்திருக்கேன். தர முடியாதுங்க,” என்றாள் தர்ஷினி.

பேனா மூடிக்குள் போனது. பெயர்ப் பட்டியல் என் பையில், என் முழங்காலுக்கு மேல் இருந்தது. அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை ஒரு புண்ணியமாக இங்கே குறித்து வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு யார் யார் என்று கண்டுபிடிப்பது துரைக்கு இரண்டு நாள் வேலை.

இரண்டு நாளில் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை முதல் நெரைமுடிவில் பழைய தராசோடு ஒரு கணக்கப்பிள்ளை நின்றார். அங்கே நிறுத்த எடைதான் எடை என்று உத்தரவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் இருபத்தொரு பேருக்கு அரைப்பேர் விழுந்தது. மற்ற இருவரும் எப்படியோ இழுத்துப் பிடித்துப் பதினெட்டைத் தொட்டுவிட்டார்கள்; அதில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. சனிக்கிழமை காலை பெண்கள் பெரட்டுக்கு வந்தார்கள். பேர் கொடுக்கவில்லை. கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். “நீங்களும் வரணும் சேர்,” என்று மட்டும் சொன்னாள். ஹட்டனிலிருந்து திரிவீலில் போனோம். பாதையில் எத்தனை வளைவு என்று எண்ணிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்று.

களத்தில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னம் எழுந்து வரவில்லை. மகளிடம் பேசவுமில்லை. பெண்களுக்குத் தலைவியாக இருக்கும் பாக்கியம்தான் எழுந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்டிருந்தார்.

“வாங்க கிளாக்கர் ஐயா. எண்ணிக்கிட்டுப் போக வந்தீங்களா? எண்ணுங்க. அம்பத்தொம்பது பேர் இருக்கோம். ஒருத்தி பிள்ளை பெத்துக்கப் போயிட்டா, ஒருத்தி மக வீட்டுக்குக் கொழும்புக்குப் போயிருக்கா. விட்டுப்போச்சுன்னு எழுதிடாதீங்க.”

பின்னால் சிரிப்பு எழுந்தது. நான் சொன்னேன்: “நான் யார் பேரையும் சொல்லல, பாக்கியம்.”

“பேரு எதுக்குங்க? நம்பரு சொன்னீங்களே. ஊரே ஒங்க நம்பரைத்தான் பேசுது.”

“இது நியாயமான்னு யோசிங்க. எடுக்காத கொழுந்துக்குச் சம்பளம்…”

“எடுக்காத கொழுந்தா?” அவர் குரல் உயரவில்லை. “தராசுல விழுந்த கொழுந்தை யாரோ எடுத்துத்தானே இருக்காங்க. தோட்டத்துக்கு ஒரு கிலோ கொறைஞ்சுதா? துரை ஊட்டுக் காசா போச்சு? எங்க கூடைக் கொழுந்தை நாங்க யாருக்குக் குடுத்தா ஒங்களுக்கு என்னாங்க?”

அவர் சொன்னது கணக்கில் சரி. பதினெட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் தோட்டம் தனியாகக் காசு தரும். கொடுக்கிறவள் தன் கைக்கு வரவேண்டிய அந்தக் காசை விட்டுத்தான் கொடுக்கிறாள். தோட்டம் கொடுத்தது கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் கொழுந்து குறையவில்லை. இதை நான் ஒருபோதும் கூட்டிப் பார்க்கவில்லை.

“இன்னொண்ணு கேக்கிறேன். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க,” என்றார் பாக்கியம். தர்ஷினியைக் கையால் காட்டினார். “இந்தப் புள்ள ஓ எல் பரீட்சை எழுதின வருசம் அன்னத்துக்கு வயித்துல ஆப்ரேசன். ஏழு மாசம் அவளால ஏழு, எட்டுக் கிலோவுக்கு மேல எடுக்க ஏலாது. ஏழு மாசமும் அவளுக்கு முழுப் பேர். செக்ரோல் எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப ஒங்க கணக்குப்படி நீங்களுந்தாங்க களவெடுத்திருக்கீங்க. ஒங்க கம்பெனி மொதலாளி படிச்சது எங்க கொழுந்துலங்க ஐயா. அந்தக் கொழுந்தைப் பூட்டுறதுக்கு மெசின் செஞ்சு அவ கையிலயே குடுத்து அனுப்பிட்டீங்க. சாமர்த்தியந்தான்.”

அப்போதுதான் அன்னம் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்துச் சொன்னார்: “என் மேல சத்தியம் பண்ணினியே, அம்மா நல்லாத்தான் இருக்கேன். பயப்படாத.”

தர்ஷினி அழவில்லை. அப்படியே ஈர மண்ணில் தாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உட்கார இடம் இருக்கவில்லை என்பதை அங்கிருந்த யாரும் கவனிக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரியாவிடையில் நான் ஒரு பேச்சுப் பேசினேன். முப்பத்து நான்கு வருடத்தில் என் செக்ரோலில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டல் சரிதான். யார் எடுத்த கொழுந்து என்பது எத்தனை வரியில் சரி என்று இப்போது எனக்குத் தெரியாது. அறுபத்தொரு பெண்களுக்கும் தெரிந்திருந்த ஒன்று, அவர்கள் பெயரைத் தினமும் எழுதிய எனக்குத் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் நிபுணன் என்று பணத்தோடு நிபந்தனையும் போட்டேன்.

ஐந்து வேலைநாட்கள் அவர்கள் உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றிக் கரட்டு இலையாகத் தொடங்கியது. வியாழக்கிழமை மாலை துரை இறங்கி வந்தார். நெரையில் நிறுவை இல்லை, வெட்டிய அரைப்பேர்கள் முழுப் பேராகும். பெண்கள் கேட்ட இன்னொன்று, மின்தராசும் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அறுபத்தொரு அட்டைகளும் ஒரு உரப்பையில் திரும்பி வந்தன. மடுவத்துக் கொக்கியிலிருந்து தராசைக் கழற்றியவள் தர்ஷினி. பழைய தராசைத் திரும்ப மாட்டிக் கொடுத்தவளும் அவளே. அந்தத் தராசில் இரண்டு கிலோ வெட்டுவார்கள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெட்டட்டும் என்றார்கள். துரை வெட்டுகிற இரண்டு கிலோவோடு வாழ அவர்களுக்குத் தெரியும். எங்களோடு வாழத் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்த ஐந்து நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதில் துரை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நகைக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடினோம். மூன்று தேவதைகளும் தர்ஷினியும். கம்பெனிக் கணக்கில் நான்கு இலட்சத்துப் பத்தாயிரம் மிச்சம். அவள் ஒரு தாளை நீட்டினாள். அறுபத்தொரு பெயர்கள், ஐந்து நாள், நாளுக்கு ஆயிரம். மூன்று இலட்சத்து ஐயாயிரம்.

“இதை அவங்களுக்குக் குடுத்துட்டுக் கம்பெனியை மூடுறேங்க. ஒரு இலட்சத்துக்கு மேல செலவழிக்க ஒங்க மூணு பேர்ல ரெண்டு பேர் சம்மதம் வேணும். அதுக்குத்தான் வந்தேன்.”

நகைக்கடை முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, ஒனக்குப் பைத்தியமா? அது மிச்சம் இருக்கிற எங்க காசு. ஸ்ட்ரைக் பண்ணச் சொன்னது நாங்களா?”

“ஸ்ட்ரைக் வந்தது எங்களாலங்க.”

“எங்களாலயா? அந்தா இருக்கிறாரே, அவரால.” அவர் என் பக்கம் திரும்பினார். “ஒரு நம்பரைச் சொல்லி முப்பத்தஞ்சு இலட்சத்தை முழுங்கிட்டீரே, கிளாக்கர். நீர் ஆனையைக்கூட விழுங்குவீர். ஆனா வாயை மட்டும் மூட மாட்டீர்.”

மரக்கறி முதலாளி கூட்டங்களில் பேசுகிற ஆளே இல்லை. “குடுங்க,” என்றார். “எங்க ஆத்தா கந்தப்பளையில கொழுந்து எடுத்தவ. நான் பொறக்கிறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் எடுத்தா. எவ்வளவு எடுத்திருப்பான்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.” வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. தாளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். நகைக்கடை முதலாளி, “ஐயோ, தொடங்கிட்டாரு!” என்று தலையில் கை வைத்தார். “இது பிழை,” என்றேன் தர்ஷினியிடம். “அறுபத்தொண்ணு இல்ல, அம்பத்தொம்பது. ஒருத்தி பிரசவ லீவுல, ஒருத்தி கொழும்புல. அவங்க அந்த அஞ்சு நாளும் எப்படியும் வேலைக்கு வந்திருக்க மாட்டாங்க. ரெண்டு இலட்சத்துத் தொண்ணூத்தையாயிரந்தான்.” இரண்டு பெயரையும் வெட்டினேன். கூட்டுத்தொகையைத் திருத்தினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பணத்தை வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பாக்கியத்தின் முகத்தில் விழிக்க வேண்டும். அது எனக்கு முடியாது. அவ்வளவுதான். ஆனாலும் பத்தாயிரம் மிச்சம் பிடித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நகைக்கடை முதலாளி விடவில்லை. அந்தப் பணத்தில் தன் பங்கைத் தான் இழக்க மாட்டேன், அதை நான் என் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றார். நியாயம் இல்லைதான். கட்டினேன்.

வெளியே வந்து தர்ஷினிக்கு பஸ் வரும்வரை அவளோடு நின்றேன். இனி ஏதாவது தொடங்கினால் எனக்குச் சொல், சின்னத் தொகையாக இருந்தாலும் போடுகிறேன் என்றேன். அவள் பதில் சொன்னாள்.

“நீங்க கெட்டவர் இல்லைங்க சேர். ஆனா ஒங்களை ஒரு ரூமுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போக ஏலாது.”

இதைவிட நல்ல பாடம் எந்த ஹோட்டலிலும், எந்தப் பயிற்றுநரும், எந்த மஞ்சள் தாளிலும் உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை. நீங்கள் பணம் போட்ட கம்பெனிக்குள் பார்க்கிற எண்கள் உங்களுடையவை அல்ல. அவற்றை யாரோ ஒருவர் வாக்குக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். சரியான எண்ணைச் சொல்வது வேறு, சொல்லக்கூடிய எண்ணைச் சொல்வது வேறு. எண்ணத் தெரிந்தவர்கள்தான் இதைக் கடைசியாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு தொழிலில் பிழை என்று ஒன்றைக் கண்டால், அதைத் திருத்துவதற்கு முன், அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஆபீஸிலிருந்து பார்க்காதீர்கள். உங்களில் பத்துப் பேர் இதை வாசித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். தூங்கியவர் வாசிக்கவே மாட்டார்.

தர்ஷினி இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனியிடமிருந்த மூன்று தராசுகளையும் மரக்கறி முதலாளி இரண்டு இலட்சத்து முப்பத்தையாயிரம் கொடுத்து எடுத்துக்கொண்டார். இன்று நுவரெலியாவில் அவை லீக்ஸ் நிறுக்கின்றன. பெண்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம். இரண்டும் சேர்ந்து மூன்றரை இலட்சம். போட்ட பணத்துக்கு ஏற்பப் பிரித்ததில் எனக்குத் திரும்பியது ஒரு இலட்சத்து இருபதாயிரம். ஆக, பன்னிரண்டு இலட்சத்தில் நான் இழந்தது பத்து இலட்சத்து எண்பதாயிரம். நகைக்கடை முதலாளியின் பங்காகக் கட்டியது ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரத்து நானூற்று இருபத்தொன்பது. சதத்தை அவருக்குச் சாதகமாகவே முழுமையாக்கினேன். திரிவீலுக்கு, ஏழு பயணம், ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு வீதம் எண்ணாயிரத்து நானூறு.

மொத்தம் பன்னிரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது ரூபாய்.